முட்டி ஜவ்வு கிழிந்த பிள்ளையோடு ஒரு வருஷம்: பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகளுக்குப் பதினைந்து வயதில், கபடி ஆட்டத்தில், வலது முட்டியின் ஜவ்வு அறுந்தது. டாக்டர்கள் ஏசிஎல் என்று சொல்லும் முன்புற ஜவ்வு. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் மறுபடி ஆடுகளத்தில் இறங்கப் பதினொரு மாதம் ஆனது. பிசியோ அறை வாசலில் உட்கார்ந்திருந்த மாதங்களில் பக்கத்து நாற்காலிப் பெற்றோர் பலரிடம் பேசியிருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடங்களில்தான் தடுக்கியிருக்கிறோம். ஓட வேண்டிய இடத்தில் நின்றோம், நிற்க வேண்டிய இடத்தில் ஓடினோம்.

அதனால் இதை வரிசைப்படி எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எந்த மருந்து, எந்த ஆபரேஷன் என்பது உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது. எதை எப்போது கேட்க வேண்டும், எதற்குப் பிறகு எது என்பது மட்டும்தான் இங்கே.

1. அடிபடும் முன்பே வீட்டில் இருக்க வேண்டியவை

பிள்ளை மாவட்ட அளவில் ஆடத் தொடங்கிவிட்டால், விளையாட்டுப் பையில் ஆறு அங்குல கிரேப் பேண்டேஜ் ஒன்று இருக்கட்டும். கூடப் போகும் ஒருவருக்காவது அதைச் சுற்றத் தெரிந்திருக்க வேண்டும்.

காப்பீட்டு அட்டையில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழி உண்டு. ஆனால் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்காமல் விட்ட பிள்ளைக்காக ஆபரேஷன் வாரத்தில் தாலுகா ஆபீசுக்கு அலைந்த ஒரு அப்பாவை நான் பார்த்தேன். அலைய வேண்டிய நேரம் அது இல்லை.

2. முதல் பத்து நிமிடம்: எழுப்பி நடக்க வைக்காதீர்கள்

"ஒண்ணுமில்லண்ணே, லேசா பிசகியிருக்கும், நடந்தா சரியாயிரும்." மைதானத்தில் யாராவது ஒருவர் இதைச் சொல்வார். நல்ல மனசோடுதான் சொல்வார். நான் அதை நம்பி மகளை வேன் வரை நடத்திக் கூட்டிப்போனேன். ஜவ்வு அறுந்த முட்டி பாதி வழியில் மடங்கும். அப்படி மடங்கும் ஒவ்வொரு முறையும் எலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸ் நசுங்கலாம். அப்போது ஒரு காயம் இரண்டாகிவிடும். அதனால் முட்டிக்கு மேலும் கீழும் கை கொடுத்து இரண்டு பேர் தூக்குங்கள். கால் இருக்கும் நிலையிலேயே துணியைச் சுருட்டி முட்டுக்கொடுங்கள்.

தூக்கும் முன் பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். "டப்" என்று சத்தம் கேட்டதா? யாராவது மோதினார்களா, அல்லது தானாகத் திரும்பும்போது மடங்கியதா? காலை ஊன்ற முடிகிறதா? பதிலை அப்படியே எழுதி வையுங்கள். மறுநாள் பிள்ளைக்கே எல்லாம் குழம்பிவிடும், டாக்டர் முதலில் கேட்பதோ இதைத்தான். ஆட்டத்தை யாராவது மொபைலில் எடுத்திருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே சொல்லும் எதையாவது கண்டால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். கால் கோணலாகத் தெரிகிறது. பாதம் சில்லென்று வெளுத்திருக்கிறது. விரல்கள் மரத்துப்போகின்றன. வலி நிமிடத்துக்கு நிமிடம் ஏறி, பிள்ளை கத்துகிறது. இவை ரத்தக்குழாயோ நரம்போ மாட்டியிருப்பதன் அடையாளங்கள். இங்கே மணிக்கணக்கு முக்கியம். எலும்பு இடம் மாறியதுபோலத் தெரிந்தால் யாரும் இழுத்துச் சரிசெய்ய முயல வேண்டாம். உடனே ஆபரேஷன் தேவைப்படலாம், அதனால் சாப்பிடவும் கொடுக்க வேண்டாம்.

3. முதல் இரண்டு நாள்: நீவுவதும் ஒத்தடமும் கூடாது

இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி பலூன் மாதிரி வீங்கினால், பெரும்பாலும் மூட்டுக்குள் ரத்தம் கசிகிறது என்று பொருள். அந்த நேரத்தில் சூடு போட்டால் ரத்த ஓட்டம் கூடி வீக்கம் ஏறும். எண்ணெய் போட்டு அழுத்தி நீவினால் கிழிந்தது இன்னும் கிழியும். எங்கள் வேனிலேயே ஒரு தைல பாட்டில் வெளியே வந்தது. அதை மறுத்துச் சொல்லும் தைரியம் அன்றைக்கு எனக்கு இல்லை.

ஐஸை மெல்லிய துண்டில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை போதும். தோல் மேல் நேராக வைத்தால் பொத்துவிடும். கிரேப் பேண்டேஜைக் கெண்டைக்காலிலிருந்து மேல் நோக்கிச் சுற்றுங்கள். சுற்றிய பிறகு பெருவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். உடனே சிவப்பு திரும்பாவிட்டால் கட்டு இறுக்கம், அவிழ்த்துச் சுற்றுங்கள்.

வலிக்கு பாராசிட்டமால் போதும். அளவு எடையைப் பொறுத்தது. நாற்பது கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம், இடையில் ஆறு மணி நேரம், ஒரு நாளில் நான்குக்கு மேல் கூடாது. பெரியவர்களுக்கு வாங்கிய வலி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். பதினாறு வயதுக்குக் கீழே ஆஸ்பிரின் கூடவே கூடாது.

கட்டு போடும் வைத்தியரிடம் போகலாமா என்று வீட்டில் பேச்சு வரும். எலும்பு முறிவுக்குக் கட்டுவது வேறு. இது மூட்டுக்குள் இருக்கும் ஜவ்வு. அறுந்த இரண்டு முனையும் மூட்டு நீரில் மிதந்துகொண்டிருக்கும், வெளியே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அவை ஒன்றையொன்று தேடி வருவதில்லை. மூன்று வாரம் அசையாமல் கட்டி வைத்தால் தொடைத் தசை இளைத்து முட்டி இறுகிவிடும். ஆபரேஷன் தேவைப்பட்டால் அதுவும் தள்ளிப்போகும்.

4. 'எக்ஸ்ரே நார்மல்' என்றால் முடிந்துவிடவில்லை

நாங்கள் தடுக்கிய பெரிய கல் இதுதான். எக்ஸ்ரேயில் எலும்பு மட்டும்தான் தெரியும், ஜவ்வு தெரியாது. "எலும்பு நல்லா இருக்கு" என்ற வார்த்தையை "முட்டி நல்லா இருக்கு" என்று நானே மாற்றிப் புரிந்துகொண்டு பதினெட்டு நாள் விட்டுவிட்டேன். பத்தொன்பதாம் நாள் அவள் பள்ளிக்கூடப் படியில் திரும்பும்போது முட்டி மறுபடி மடங்கி விழுந்தாள்.

எக்ஸ்ரே வேண்டாம் என்று சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு ஜவ்வு அறுவதற்குப் பதில், அது ஒட்டியிருக்கும் எலும்புத் துணுக்கு பெயர்ந்து வருவதும் உண்டு. அது எக்ஸ்ரேயிலேயே தெரியும். ஆனால் எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் வீக்கம் வற்றும் நேரத்தில், ஒரு வாரம் பத்து நாளில், மறுபடி ஆர்த்தோ டாக்டரிடம் காட்டுங்கள். முதல் நாள் வலியில் பிள்ளை காலை இறுக்கிப் பிடித்திருக்கும், கையால் ஆட்டிப் பார்க்கும் பரிசோதனை சரியாக வராது. இரண்டாவது தடவைதான் வரும். அங்கே சந்தேகம் வந்தால் எம்ஆர்ஐ ஸ்கேன்.

இதில் ஒரு விதிவிலக்கு. முட்டி ஒரு கோணத்தில் பூட்டிக்கொண்டு நீட்டவே முடியவில்லை என்றால் பத்து நாள் காத்திருக்காதீர்கள். கிழிந்த மெனிஸ்கஸ் நடுவில் வந்து மாட்டியிருக்கலாம். அதைச் சீக்கிரம் தைத்தால்தான் காப்பாற்ற முடியும்.

5. டாக்டரிடம் கேட்க வேண்டியவை

நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். அறைக்குள் போனதும் எல்லாம் மறந்துவிடும்.

முதல் கேள்வி க்ரோத் பிளேட், அதாவது எலும்பு நீண்டு வளரும் தட்டு, பற்றியது. பெரியவர் முட்டிக்கும் பிள்ளையின் முட்டிக்கும் உள்ள வித்தியாசமே அதுதான். காலின் வளர்ச்சியில் பெரும்பங்கு முட்டியை ஒட்டி மேலும் கீழும் இருக்கும் இரண்டு தட்டுகளில்தான் நடக்கிறது. பெண் பிள்ளைகளுக்குப் பொதுவாக பதினான்கு, பதினைந்து வயதிலும், ஆண் பிள்ளைகளுக்கு அதற்கு ஒன்றிரண்டு வருஷம் கழித்தும் அவை மூடும். திறந்திருக்கும் தட்டில் தவறான இடத்தில் துளை போட்டால் கால் கட்டையாகவோ கோணலாகவோ வளர வாய்ப்பு உண்டு. அதனால் "தட்டு மூடியிருக்கா சார்? எலும்பு வயசு பார்க்க இடது கை எக்ஸ்ரே தேவையா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு எரிச்சல்படாமல் படம் வரைந்து விளக்கும் டாக்டரிடம் போங்கள் என்பது என் கட்சி.

இரண்டாவது, புது ஜவ்வாக வைக்கும் நாணை (தசையை எலும்போடு கட்டும் கயிறு) எங்கிருந்து எடுப்பார்கள் என்பது. தொடைப் பின்தசையின் நாண், முட்டிச்சில்லுக்குக் கீழுள்ள நாண், அதற்கு மேலுள்ள நாண் என்று மூன்று வழிகள் வழக்கத்தில் உண்டு. தட்டு திறந்திருக்கும் பிள்ளைகளுக்கு, எலும்புத் துணுக்கோடு எடுக்கும் இரண்டாவது முறையைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். அந்தத் துணுக்கு தட்டைக் கடந்து உட்கார்ந்தால் வளர்ச்சி நின்றுவிடக்கூடும்.

மூன்றாவது, மெனிஸ்கஸைத் தைப்பீர்களா, வெட்டி எடுப்பீர்களா? பிள்ளைகளிடம் தைக்க முடிந்தால் தைப்பதுதான் நல்லது. அறுபது வருஷம் உழைக்க வேண்டிய முட்டி அது. தைத்தால் சில வாரம் கூடுதலாகக் கட்டுப்பாடு இருக்கும், பரவாயில்லை.

நான்காவது, ஆபரேஷன் இல்லாமல் முடியுமா? பகுதிக் கிழிசலாக இருந்தாலோ, நடக்கும்போது முட்டி திடீரென்று மடங்கி விழாமல் இருந்து, திரும்பிக் குதிக்கும் ஆட்டத்தை விடப் பிள்ளை தயாராக இருந்தாலோ பயிற்சியை மட்டும் வைத்து ஓட்டலாம். கபடி, கால்பந்து, கூடைப்பந்து ஆட வேண்டும் என்றால் பெரும்பாலும் ஆபரேஷன் பக்கம்தான் பேச்சு போகும்.

இரண்டாவது டாக்டரிடமும் ஒரு தடவை காட்டுங்கள். மூன்றாவது, நான்காவது என்று போகாதீர்கள், குழப்பம்தான் மிஞ்சும்.

6. ஆபரேஷனுக்கு அவசரப்படாதீர்கள்

ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோருக்கும் ஒரே வேகம். "அடுத்த வாரமே முடிச்சிருவோம்." பூட்டிக்கொண்ட முட்டி இல்லையென்றால் இந்த வேகம் கெடுதல். வீங்கி இறுகியிருக்கும் முட்டியில் ஆபரேஷன் செய்தால் உள்ளே தழும்பு படர்ந்து, பிறகு நீட்டவும் மடக்கவும் வராமல் போகலாம்.

மூன்று விஷயம் கைக்கு வரும்வரை பிசியோவோடு உழையுங்கள். வீக்கம் வற்ற வேண்டும். கால் அடுத்த காலைப்போல முழுசாக நீள வேண்டும். தொடை முன்தசையை இறுக்கியபடி காலை நேராகத் தூக்க வேண்டும். சாதாரணமாக மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். அந்த வாரங்களில் ஓட்டம், குதிப்பு, மாடிப்படியில் துள்ளல் எதுவும் கூடாது.

இங்கேதான் தலையணைப் பிரச்சினை வரும். பார்க்க வரும் எல்லோரும் பிள்ளையின் முட்டிக்கடியில் ஒரு தலையணையைச் செருகுவார்கள். பிள்ளைக்கும் அது சுகமாக இருக்கும். ஆனால் மணிக்கணக்கில் மடங்கியே கிடக்கும் முட்டி அந்த மடக்கத்திலேயே இறுகும். தலையணை வைப்பதென்றால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டி அந்தரத்தில் தொங்கித் தானாக நீளட்டும். எங்கள் வீட்டில் துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு வைத்து, "முட்டிக்கடியில் எதையும் வைக்காதீர்" என்று எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினோம். என் அம்மா அதைப் படித்துவிட்டு, தலையணையை வைத்துவிட்டுத்தான் போவார்.

7. பணத்தை இரண்டாகப் பிரியுங்கள்

ஆபரேஷனுக்கே எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டு, இரண்டாம் மாதத்தில் பிசியோவை நிறுத்திய குடும்பங்கள் ஏராளம். ஒவ்வொரு சிட்டிங்குக்கும் தனிக் காசு, காப்பீட்டில் பெரும்பாலும் வராது. போக்குவரத்துச் செலவும் உண்டு. ஒன்பது மாதத்துக்கு இதற்கென ஒரு தொகையை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மீதியில் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் சின்னத் துளை வழியே இந்த ஆபரேஷன் நடக்கிறது. விசாரிக்காமல் ஒதுக்காதீர்கள்.

காப்பீடு இருந்தால், தேதி குறிக்கும் முன்பே முன் அனுமதி கேளுங்கள். எலும்பில் பொருத்தும் திருகு, பட்டன் போன்றவை தொகைக்குள் வருமா என்று தனியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். டிஸ்சார்ஜ் அன்று கவுண்டரில் சண்டை போட வேண்டியிராது.

8. வீட்டைத் தயார் செய்யுங்கள்

ஆபரேஷனுக்கு முந்தைய வாரமே கழிப்பறையைப் பாருங்கள். குந்தி உட்காரும் கழிப்பறைதான் என்றால், நடுவில் ஓட்டை உள்ள நாற்காலி மருந்துப் பொருள் கடைகளில் வாடகைக்கே கிடைக்கும். அதை முன்பே வாங்கி, பிள்ளையை ஒரு தடவை உட்கார வைத்துப் பாருங்கள். வயதுக்கு வந்த பெண் பிள்ளைக்கு இதில் கூச்சம் அதிகம். கதவுக்குப் பதில் திரை போட்டால் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவாள்.

தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது சில மாதம் இல்லை. குளியலறையில் ரப்பர் விரிப்பு போடுங்கள். ஊன்றுகட்டையை முன்பே வாங்கி, நல்ல நாளிலேயே நடந்து பழக்குங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கட்டையும் அடிபட்ட காலும் முதலில்.

9. ஆபரேஷன் நாளும் முதல் ஆறு வாரமும்

பட்டினி நேரத்தைச் சொன்னபடியே கடைப்பிடியுங்கள். மயக்க மருந்துக்கு முன் திட உணவு குறைந்தது ஆறு மணி நேரம் கூடாது. "பச்சப்புள்ள, ஒரு இட்லி சாப்பிடட்டும்" என்று பாட்டி கொடுத்த இட்லியால் ஆபரேஷன் தள்ளிப்போன கதையை அங்கேயே கேட்டேன்.

வீடு திரும்பியதும் இரண்டே வேலை. கால் முழுசாக நீள்வது, தொடை முன்தசை இறுகுவது. மடக்குவதைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், "எவ்வளவு மடங்குது?" என்று. மடக்கம் மெதுவாக வந்துவிடும். தவறவிட்ட நீட்டத்தைப் பிறகு பிடிப்பதுதான் கஷ்டம். நீளாத கால் நொண்டி நடக்கும்.

என் மனைவி தையல் டேப்பால் ஞாயிற்றுக்கிழமைதோறும் முட்டிச்சில்லுக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே இரண்டு தொடையையும் சுற்றி அளந்து நோட்டில் எழுதினாள். இரண்டாம் வாரம் வித்தியாசம் நாலு சென்டிமீட்டர். பார்க்கவே பயமாக இருந்தது. ஆனால் அந்த எண் குறைந்துகொண்டே வந்ததுதான் மகளுக்கு இருந்த ஒரே ஸ்கோர்போர்டு.

காய்ச்சல், காயத்தில் சீழ், கெண்டைக்காலில் புது வீக்கமும் வலியும் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம். திடீர் மூச்சுத்திணறல் என்றால் 108.

ஆட்டுக்கால் சூப் பற்றி: வந்தவர்கள் எல்லாம் கொண்டுவந்தார்கள். கெடுதல் இல்லை, குடிக்கட்டும். ஆனால் அது போய் ஜவ்வாக ஒட்டாது. தசைக்குப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல் தினமும் இருக்கட்டும்.

10. மூன்றாம் மாதம்: ஏமாற்றும் மாதம்

வலி போயிருக்கும், வீக்கம் இல்லை, பிள்ளை நன்றாக நடக்கும். "எல்லாம் சரியாயிருச்சுப்பா" என்பாள். உள்ளே இருக்கும் நாண் அந்த மாதங்களில் ஆபரேஷன் நாளைவிட வலுக்குறைவாக இருக்கும். உடல் அதைக் கரைத்து, புது ரத்தக்குழாய் விட்டு, ஜவ்வாக மாற்றிக்கொண்டிருக்கும் நேரம் அது. இந்தச் சமயத்தில்தான் பெற்றோர் சிட்டிங்கை நிறுத்துகிறோம், பிள்ளை தெருவில் ஓடிப்பிடித்து ஆடுகிறது.

என் மகளும் ஒருநாள் தம்பியோடு மொட்டை மாடியில் கபடி பாடிப் போய்க்கொண்டிருந்தாள். நான் கத்தவில்லை. மறுநாள் பிசியோவிடம் சொன்னேன், அவர் ஒரு கயிற்றை எடுத்துக் காட்டி, நூல் நூலாக எப்படி வலுவேறுகிறது என்று அவளுக்கே விளக்கினார். அப்பா சொன்னால் அது தடை, பிசியோ சொன்னால் அது பயிற்சி. இந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

11. மனசு

பிள்ளைக்கு நஷ்டமானது முட்டி மட்டும் இல்லை. தினமும் மாலை ஐந்து மணிக்குச் சேரும் கூட்டமும் போயிருக்கும். பி.டி. சாரிடம் பேசி, வாரம் ஒரு நாளாவது மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள். ஸ்கோர் எழுதட்டும், பாடிப் போகும் ரைடின் முப்பது நொடியை எண்ணட்டும். சில பிள்ளைகளுக்கு முதல் மாதம் அதைப் பார்ப்பதே வலிக்கும். கேட்டுவிட்டுக் கூட்டிப்போங்கள்.

"பொம்பளப் பிள்ளைய எதுக்குக் கபடிக்கு விட்டீங்க?" என்ற கேள்வி வரும். தழும்பு, கல்யாணம் வரை பேச்சு போகும். பிள்ளை பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருக்கும். நீங்கள் தரும் பதில் உறவினருக்கு என்று நினைக்காதீர்கள். நான், "அவ திரும்ப ஆடுவா சித்தி, காபி குடிங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், சாப்பாடு, பேச்சு எல்லாம் குறைந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 104 எண்ணில் ஆலோசனை கிடைக்கும். வகுப்பறையைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தர பள்ளியில் மருத்துவச் சான்றோடு எழுதிக் கொடுங்கள். வாயால் கேட்டால் நடக்காது.

12. திரும்பும் நாளை நாள்காட்டி முடிவு செய்யக் கூடாது

ஸ்போர்ட்ஸ் கோட்டா, அடுத்த தேர்வுப் போட்டி, கடைசி வருஷம் என்று அழுத்தம் எல்லாம் ஆறாம் மாதத்தில் வந்து குவியும். அப்போது கையில் வைத்துக்கொள்ள இரண்டு கணக்கு. 2016-இல் வெளியான நார்வே, அமெரிக்கக் கூட்டு ஆய்வில், ஆபரேஷனுக்குப் பின் ஒன்பது மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதே ஆண்டின் இன்னொரு தொகுப்பு ஆய்வில், 25 வயதுக்குள் ஆட்டத்துக்குத் திரும்பியவர்களில் நாலில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோருக்கு மறுபடி ஜவ்வு அறுந்திருந்தது, அதே முட்டியிலோ மறு முட்டியிலோ.

ஆகவே ஒன்பது மாதம் என்பது தொடக்கம் மட்டுமே. வளரும் பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் வரைகூடச் சொல்வார்கள். அதோடு சோதனையும் வேண்டும். தொடைத் தசை வலு, ஒற்றைக்கால் தாவல் எல்லாவற்றிலும் அடிபட்ட கால் நல்ல காலின் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். "பயமா இருக்கா?" என்றும் கேட்க வேண்டும். பயத்தோடு ரைடு போகும் பிள்ளை பாதி வேகத்தில் திரும்பும், பாதி வேகத்தில்தான் காலும் மாட்டும். என் மகள் ஒன்பதாம் மாதச் சோதனையில் தேறவில்லை, 82-தான் வந்தது. அன்று அழுதாள். பதினொன்றாம் மாதம் 94.

தேறிய பிறகும் படிப்படியாகத்தான். முதலில் தனியாக ஓட்டமும் திருப்பமும், பிறகு பிடி இல்லாத பயிற்சி, பிறகு தெரிந்த தோழிகளோடு பிடி, கடைசியில் ஆட்டம். முதல் ஆட்டத்தில் முழு நேரம் வேண்டாம் என்று பி.டி. சாரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

ஃபிஃபா 11+ என்று கால்பந்துக்காக உருவாக்கிய இருபது நிமிட வார்ம்அப் ஒன்று இருக்கிறது. குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயாமல் பழக்குவதுதான் அதன் சாரம். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது, இரண்டு காலுக்கும், ஆடும் காலம் முழுக்கச் செய்யட்டும். எங்கள் ஊர் அணியில் இப்போது பன்னிரண்டு பெண்களும் சேர்ந்துதான் செய்கிறார்கள். முன்னால் நின்று எண்ணுவது என் மகள்.